நுண்துளைச் சிலிக்கான் துகள்கள்: 300 டிகிரியில் ஆக்சிஜனேற்றிய பின்னும் மருந்தின் நிறம் வெளிறுகிறது, எப்படி நிலைப்படுத்துவது?

மருதாணி (கேள்வி)

வணக்கம். மருந்தைச் சுமந்து செல்லும் நுண்துளைச் சிலிக்கான் துகள்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். போரான் செறிந்த பி-வகை வேஃபரை (சிலிக்கான் தகட்டை), 48 விழுக்காடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் எத்தனாலும் மூன்றுக்கு ஒன்று என்ற பருமன் விகிதத்தில் கலந்த கரைசலில் மின்வேதி முறையில் அரித்து, உருவாகும் படலத்தைப் பிரித்தெடுத்து, எத்தனாலில் மீயொலியால் உடைத்துச் சலித்துக்கொள்கிறேன். துகள்கள் 20 முதல் 40 மைக்ரோமீட்டர் வரை இருக்கின்றன. துளைகளின் விட்டம் ஏறத்தாழ 15 நானோமீட்டர். எடை முறையில் கணக்கிட்ட துளைமை (மொத்தப் பருமனில் துளைகளின் பங்கு) 70 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. உடலின் ஓரிடத்தில் செலுத்தினால் அங்கேயே தங்கி, டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை வாரக்கணக்கில் மெல்ல வெளியிட வேண்டும் என்பதே நோக்கம்.

அரித்தெடுத்த துகளை அப்படியே பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில் வைத்தால் குமிழ்கள் எழுகின்றன, பழுப்பு நிறம் வெளிறுகிறது, துகள் கரைந்து போகிறது. இதை எதிர்பார்த்தே இருந்தேன். எனவே துகள்களைக் காற்றில் 300 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜனேற்றினேன். குமிழ்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் மருந்தை ஏற்றி வைத்தால், வெளியே வரும் கரைசலின் செந்நிறம் நாளுக்கு நாள் மங்குகிறது. ஏற்றிய மருந்தின் அளவும் வெளிவந்ததும் துகளில் எஞ்சியதும் கூட்டினால் கணக்கு நேராகவில்லை. ஒரு கிராம் துகளுக்கு இத்தனை மில்லிகிராம் மருந்து என்று எழுதவே தயக்கமாக இருக்கிறது.

கேட்க விரும்புவது இரண்டு. முதலாவது, வெப்பநிலையை 800 டிகிரிக்கு உயர்த்தினால் துளைகள் அடைபட்டுவிடுமா? இரண்டாவது, ஆக்சிஜனேற்றத்தை விட்டுவிட்டு, சிலிக்கான்–கார்பன் பிணைப்பால் மேற்பரப்பை மூடும் வழிகளுக்குப் போவது நல்லதா? மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் துகள் என்ற செறிவில், மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்துப் பார்த்தபோது, 300 டிகிரித் துகள் ஒரு வாரத்தில் மிகச் சிறிதளவே கரைந்திருந்தது. ஆகவே துகளின் நிலைப்பு இப்போதே போதுமானது என்றும், சிக்கல் வேறெங்கோ இருக்கிறது என்றும் என் வழிகாட்டி கருதுகிறார்.

பரப்புவேதியர்

உங்கள் வழிகாட்டி பாதி சரி. நிலைப்படுத்துதல் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை உண்மையில் வெவ்வேறு வேலைகள். துகளின் எலும்புக்கூடு நீரில் கரைந்து போவதைத் தடுப்பது ஒன்று. துகளின் மேற்பரப்பு மருந்தை வேதிமாற்றம் செய்யாமல் தடுப்பது மற்றொன்று. முன்னதில் வெற்றி கண்ட துகள், பின்னதில் முற்றாகத் தோற்கலாம். உங்களுக்கு நேர்ந்திருப்பது பின்னது என்று நினைக்கிறேன்.

அரித்தெடுத்த நுண்துளைச் சிலிக்கானின் சுவர்கள் முழுவதும் சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்புகளால் போர்த்தப்பட்டிருக்கும். ஒரு கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர் பரப்பு உள்ள பொருளில் இவை எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஹைட்ரைடு ஓர் ஒடுக்கி, அதாவது பிறவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது. அதன் அடியில் இருக்கும் தனிமச் சிலிக்கானும் ஒடுக்கிதான். டாக்சோரூபிசினிலும் அதன் உறவான டானோரூபிசினிலும் இருக்கும் குவினோன் வளையம் எளிதில் எலக்ட்ரானை ஏற்கும். அப்படி ஏற்ற பின் சர்க்கரைப் பகுதி கழன்றுவிட, 7-டீஆக்சி அக்லைக்கோன் எஞ்சுகிறது. அது நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் துளைக்குள்ளேயே படிந்து கிடக்கும். உங்கள் கூட்டல் கணக்கு நேராகாததற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இயங்கும் சைலர் குழு, கண்ணுக்குள் செலுத்தும் சேமிப்புத் துகளுக்காக டானோரூபிசினை எடுத்துக்கொண்டபோது இதே சிக்கலைச் சந்தித்து, ஆக்சிஜனேற்றம் செய்யப்படாத சிலிக்கான் அந்த மருந்தைச் சிதைக்கிறது என்பதை 2011-இல் வெளியிட்டது. அவர்கள் முழு ஆக்சைடை நோக்கிப் போனதற்குக் காரணம் கரைதல் வேகம் மட்டுமன்று.

இப்போது 300 டிகிரிக்கு வருவோம். அந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் முதலில் நுழைவது ஹைட்ரஜன் இருக்கும் பிணைப்பில் அன்று, அதற்குப் பின்னால் உள்ள சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பில். எனவே ஹைட்ரஜன் தன் இடத்திலேயே இருக்க, அதைத் தாங்கும் சிலிக்கான் அணுவின் மறுபக்கப் பிணைப்புகள் ஆக்சிஜனுடையவையாக மாறிவிடுகின்றன. அகச்சிவப்பு நிறமாலையில் இதைக் கண்ணாலேயே காணலாம். 2,100 செ.மீ⁻¹ அருகே மூன்று கூர்முனைகளாக இருந்த பட்டை தேய்ந்து, 2,250 செ.மீ⁻¹ அருகே புதிய பட்டை ஒன்று எழும். 1,000 முதல் 1,100 வரை சிலிக்கான்–ஆக்சிஜன் பட்டை பெருகும். 2,250-இல் எழும் பட்டை உங்கள் துகளில் இருக்குமானால் ஹைட்ரைடு இன்னும் போகவில்லை என்று பொருள். குமிழ் குறைந்தது மெல்லிய ஆக்சைடு உறை நீரை மட்டுப்படுத்தியதால். உள்ளே தனிமச் சிலிக்கான் அப்படியே இருக்கிறது, உறை கரையக் கரைய அது வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் மருந்து வாரக்கணக்கில் அதனருகே இருக்கப் போகிறது.

துளை அடைபடுமா என்ற கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். சிலிக்கான் முழுமையாக டைஆக்சைடாக மாறும்போது திண்மத்தின் பருமன் ஏறத்தாழ 2.27 மடங்காகிறது. துகளின் வெளி அளவு மாறாது என்று வைத்துக்கொண்டால், 56 விழுக்காட்டுக்குக் குறைவான துளைமை உள்ள பொருளில் துளைகள் முற்றிலும் நிரம்பிவிடும். ஜப்பானில் 1980-களின் தொடக்கத்தில் மின்னணுச் சில்லுகளின் பகுதிகளைக் காப்பிட்டுப் பிரிக்க நுண்துளைச் சிலிக்கானைப் பயன்படுத்தியவர்கள் இதையே வேண்டுமென்று செய்தார்கள். நமக்கு அது ஆகாது. உங்கள் 70 விழுக்காட்டில் 30 பங்கு திண்மம் 68 பங்காகும், 32 பங்கு வெற்றிடம் மிஞ்சும். துளைகளை நேரான உருளைகள் என்று கொண்டால் 15 நானோமீட்டர் விட்டம் 10-க்குச் சுருங்கும். ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர் அகலமுள்ள டாக்சோரூபிசினுக்கு அது தாராளம். இயன்றால் அரிப்பின் மின்னோட்ட அடர்த்தியைக் கூட்டித் துளைமையை 80 விழுக்காட்டுக்குக் கொண்டுபோங்கள். அப்போது பாதிக்கு மேல் வெற்றிடமாகவே இருக்கும். ஆனால் அத்தனை மெல்லிய சுவர்கள் உலர்த்தும்போது எத்தனாலின் பரப்பு இழுவிசையாலேயே இடிந்துவிடக்கூடும் என்பதால், கடைசி அலசலைப் பென்டேனில் செய்து உலர்த்துவது நல்லது.

நேராக 800 டிகிரி உலையில் திணிக்க வேண்டாம். ஹைட்ரஜன் கழன்று மேற்பரப்பு வெறுமையாகிவிட்டால், ஆக்சைடு உருவாகுமுன் சிலிக்கான் அணுக்கள் நகர்ந்து சிறு துளைகள் பெருந்துளைகளோடு கலந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே செய்யும் 300 டிகிரிப் படிதான் சுவர்களைப் பிடித்து நிறுத்துவது. அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தி, அதே உலையில் மெல்ல உயர்த்துங்கள். பின்னர் நிறை அதிகரிப்பைப் பாருங்கள்: 28 கிராம் சிலிக்கான் 60 கிராம் ஆக்சைடாவதால் 10 மில்லிகிராம் துகள் 21-ஐத் தாண்ட வேண்டும். அதற்கு வெகு கீழே நின்றால் உள்ளே சிலிக்கான் எஞ்சியிருக்கிறது. மருந்தேற்ற விழுக்காட்டை முந்தைய துகளோடு ஒப்பிடும்போதும் இந்த எடை மாற்றத்தை நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஏற்றம் பாதியாகக் குறைந்ததுபோல் வீணாக வருந்த நேரும்.

அளவி

மேலே சொன்னவற்றோடு எனக்கு மாறுபாடில்லை. ஆனால் கேள்வியின் கடைசி வாக்கியத்தை யாரும் தொடாமல் விட்டது சரியாகப் படவில்லை. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம், மூடிய கண்ணாடிக் குப்பி, ஒரு வாரம், சிறிதளவே கரைந்தது: இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால், அது துகளின் நிலைப்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை என்பது தெரியும்.

துகள் கரைந்து தருவது ஆர்த்தோசிலிசிக் அமிலம். நடுநிலைக்கு அருகான பிஎச்-இல் அதன் கரைதிறன் 2 மில்லிமோலாரைச் சுற்றியே நிற்கும். சிலிக்கானாகச் சொன்னால் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 56 மைக்ரோகிராம். நீங்கள் போட்ட ஒரு மில்லிகிராம், முழுக்கச் சிலிக்கான் என்று கொண்டால், 36 மில்லிமோலாருக்குச் சமம். அதாவது எவ்வளவு பலவீனமான துகளாக இருந்தாலும் அதில் ஐந்தாறு விழுக்காடு கரைந்தவுடன் கரைசல் நிறைவடைந்துவிடும். ஒரு தம்ளர் நீரில் அரைப்படி உப்பைக் கொட்டிவிட்டு, அடியில் உப்பு கிடக்கிறதே, இது கரையாத உப்பு என்று சொல்வதைப் போன்றது இது. உடலிலோ திசுநீர் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது, சிலிசிக் அமிலம் சிறுநீரகம் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அங்கே இந்த நிறைவு ஏற்படாது.

ஆகவே செறிவை மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் அளவுக்குக் குறையுங்கள், அல்லது டயாலிசிஸ் பையில் துகளை வைத்து வெளிக்கரைசலைத் தவறாமல் மாற்றுங்கள். இன்னும் நல்லது, பஃபரை மெதுவாக ஓடவிடும் அறை. இந்த நிலையில் அளந்தால் பல ஆய்வுக்கட்டுரைகளில் வாரங்கள் என்று வந்திருப்பவை நாள்களாகச் சுருங்கும் என்பது என் நெடுநாள் ஐயம்.

கண்ணாடிக் குப்பியும் வேண்டாம். கண்ணாடி தன் பங்குக்குச் சிலிக்காவைக் கசியவிடும். குறைந்த செறிவில் அளக்கும்போது அது கணக்கைக் கெடுக்கும். பாலிபுரொப்பிலீன் குழாய் போதும். சிலிசிக் அமிலத்தை நீல நிறமாக்கி அளக்கும் மாலிப்டினம் நீல முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் பஃபரிலுள்ள பாஸ்பேட்டும் அதே நீலத்தைத் தரும். ஆக்சாலிக் அமிலம் சேர்த்து அதைச் சிதைத்த பிறகே ஒடுக்கியைச் சேர்க்க வேண்டும். மேலும் இம்முறை தனி மூலக்கூறாகவும் மிகச் சிறு தொடராகவும் உள்ள சிலிசிக் அமிலத்தையே பார்க்கும். நிறைவைத் தாண்டிய கரைசலில் அது ஒன்றோடொன்று இணைந்து பல்லுறுப்பாகிவிட்டால் உங்கள் அளவீட்டுக்குப் புலப்படாது, துகள் கரையவில்லை என்ற மயக்கம் இரட்டிப்பாகும். பிளாஸ்மா உமிழ்வு நிறமாலை முறை மொத்தச் சிலிக்கானையும் காட்டும், ஆனால் அது வடிகட்டியைத் தாண்டிய பொடித்துகளையும் கரைந்ததாகவே எண்ணும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் முறை.

மருந்துக்கும் ஒரு சாட்சிக் குழாய் கட்டாயம். துகளே இல்லாமல் டாக்சோரூபிசினை மட்டும் பிஎச் 7.4 பஃபரில், 37 டிகிரியில், இருட்டில் வைத்தாலும் அது சில நாள்களிலேயே கணிசமாகச் சிதையும். குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் நிற இழப்பில் எவ்வளவு துகளின் குற்றம், எவ்வளவு மருந்தின் இயல்பு என்பதை அந்தச் சாட்சி இல்லாமல் பிரிக்க முடியாது. நிறத்தை மட்டும் நம்பாமல், கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி-யில் (உயர்திறன் நீர்ம நிறப்பிரிகையில்) 480 நானோமீட்டரில் பாருங்கள். புதிய உச்சி தோன்றினால் பரப்புவேதியர் சொன்ன ஒடுக்கம் உறுதிப்படும்.

பாதுகாப்புக்காக ஒன்று. ஒரு மில்லிகிராம் சிலிக்கான் நீரோடு முழுதாக வினைபுரிந்தால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.7 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வரும். நூறு மில்லிகிராம் துகளை இறுக மூடிய 15 மில்லிலிட்டர் குழாயில் ஈரத்தோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். உலர்ந்த புதுத் துகளை நைட்ரேட், பெர்குளோரேட் போன்ற வலுவான ஆக்சிஜனேற்றிகளின் அருகே கொண்டு செல்வதும் கூடாது. அந்தக் கலவை வெடிக்கும்.

கரித்திரை

எல்லாரும் ஆக்சைடையே தீர்வாகச் சொல்வதால் மறுபக்கத்துக்காகப் பேசுகிறேன். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் சலோனென், லேத்தோ ஆகியோர் வளர்த்தெடுத்த அசிட்டிலீன் முறையைக் கருத்தில் கொள்ளுங்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் அசிட்டிலீனைத் துளைகளுக்குள் செலுத்தி 500 டிகிரியில் சூடாக்கினால் ஹைட்ரோகார்பன் போர்த்திய, நீரை விலக்கும் மேற்பரப்பு கிடைக்கிறது. 700 டிகிரிக்கு மேல் போனால் ஹைட்ரஜன் நீங்கி, நீரை ஏற்கும் சிலிக்கான் கார்பைடு போன்ற உறை உருவாகிறது. பருமன் பெருக்கம் இல்லாததால் துளைகள் பெரிதும் சுருங்குவதில்லை. முன்னதான ஹைட்ரோகார்பன் மேற்பரப்பின் மீது அன்டிசைலெனிக் அமிலத்தை 120 டிகிரியில் வினைபுரியச் செய்தால் கார்பாக்சில் முனைகள் கிடைக்கும். எதிர்மின்னேற்றம் உள்ள அந்த முனைகள் அமீன் கொண்ட டாக்சோரூபிசினை நன்றாகவே பிடிக்கும். ஹெல்சிங்கியில் சாண்டோஸ் குழுவின் பல மருந்தேற்ற ஆய்வுகள் இந்தத் துகளின் மீதுதான் நடந்தன.

அரித்த துகளின் மீது நேரடியாகச் செய்யும் ஹைட்ரோசிலைலேற்றம் (சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பில் கார்பன் சங்கிலியை இணைப்பது) இதனினும் எளிது, ஆனால் இடநெருக்கடியால் எல்லா ஹைட்ரைடுகளும் வினைபுரிவதில்லை. பாதிக்கு மேல் அப்படியே தங்கிவிடும். கார்பன் சங்கிலிகள் காடாக நின்று நீரைத் தடுப்பதால் துகள் கரையாமல் இருக்கும். காரத்தில் கொதிக்கவைத்தாலும் தாங்குகிறது என்று காட்டியிருக்கிறார்கள். குவினோன் மருந்துக்கு அது எவ்வளவு பாதுகாப்பு என்பதில் மட்டும் எனக்கும் உறுதி குறைவே.

கார்பன் உறைக்கும் விலை உண்டு என்பதை மறைக்கவில்லை. உயர் வெப்பநிலைக் கார்பைடுத் துகள் உடலில் மிக மெதுவாகவே சிதையும். சிதைந்து சிறுநீரில் போய்விடும் என்பதற்காகவே சிலிக்கானைத் தேர்ந்தவர் அதை விரும்பாமல் போகலாம். அசிட்டிலீன் உலைக்கு முறையான வளிமக் கட்டுப்பாடும் வேண்டும்.

மருதாணி

மூவருக்கும் நன்றி. 2,250-இல் பட்டை இருக்கிறது. முன்பு அதை ஆக்சைடு வளர்ந்ததன் அடையாளமாக மட்டுமே படித்திருந்தோம். அசிட்டிலீன் உலை எங்களிடம் இல்லை என்பதால் முழு ஆக்சைடு வழியையே எடுத்துக்கொள்கிறேன்; செறிவைக் குறைத்து, ஓட்ட முறையில் அளக்கவும் ஏற்பாடு செய்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆக்சைடு துகளும் கரையத்தானே செய்யும்? அதன் வேகத்தைக் குறைக்க அமினோபுரொப்பைல் ட்ரைஎத்தாக்சி சிலேனைக் (மேற்பரப்பில் ஒட்டி அமீன் குழுவைத் தரும் சிலிக்கான் சேர்மத்தைக்) கொண்டு போர்த்தலாம் என்று ஆய்வகத்தில் ஒருவர் சொல்கிறார். கால்சியம் குளோரைடு கொண்டு துளைகளை அடைத்துவிடும் முறை ஒன்றும் உண்டு என்று கேள்விப்பட்டேன். இவற்றில் எது பொருந்தும்?

பரப்புவேதியர்

கரையும், கரையவும் வேண்டும். ஒடுக்கமும் குமிழும் போய்விட்ட பின் கரைதல் உங்கள் எதிரி அன்று, மருந்தை வெளியிடும் கடிகாரமே அதுதான். அதன் வேகத்தை மாற்றுவது மட்டுமே இனி வேலை.

அந்த அமினோ சிலேனை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று எத்தாக்சி கைகள் உள்ள மூலக்கூறு சிறிது ஈரம் கிடைத்தாலே தனக்குள் பின்னிக்கொண்டு துளை வாயில் கட்டியாகப் படியும். அமீன் குழு சிலிக்கா பிணைப்புகள் நீரால் அறுபடுவதை ஊக்குவிக்கும் தன்மை உடையது. கரைதலைக் குறைக்கப் போட்ட போர்வையே அதைத் தூண்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்மின்னேற்றம் பெற்ற மேற்பரப்பு நேர்மின்னேற்றம் கொண்ட டாக்சோரூபிசினைத் தள்ளிவிடும். வெறும் ஆக்சைடு பிஎச் 7.4-இல் எதிர்மின்னேற்றம் உடையது, மருந்தை இயல்பாகவே ஈர்க்கும். போர்த்தியே ஆக வேண்டும் என்றால், ஒற்றை எத்தாக்சி கை உள்ள சிலேன் பின்னிக்கொள்ளாது. 2016-இல் சைலர் குழு விவரித்த வளையச் சிலேன்கள் இன்னும் நேர்த்தியானவை: சிலிக்கானோடு நைட்ரஜனோ கந்தகமோ சேர்ந்த ஐந்துறுப்பு வளையம், மேற்பரப்பின் ஹைட்ராக்சிலைச் சந்தித்ததும் திறந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நீர் தேவையில்லை, அறை வெப்பநிலை போதும். உங்கள் மருந்துக்குக் கந்தக வளையமே ஏற்றது.

கால்சியம் முறை அழகான சிந்தனை. துகள் கரைவதைத் தடுப்பதற்கு மாறாக, கரைந்து வரும் சிலிக்கேட்டையே செறிந்த கால்சியம் குளோரைடோடு சேரவிட்டு, துளை வாயில் கால்சியம் சிலிக்கேட் மூடியாகப் படியச் செய்கிறார்கள். அதே குழு 2016-இல் குறுக்கீட்டு ஆர்என்ஏ-வை (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் மூலக்கூறை) இவ்வாறு சிறைப்பிடித்து, காயமுற்ற எலி மூளைக்குக் கொண்டுசென்றது. ஆனால் அந்தப் படிவு காரத்தன்மையில் நிகழ்கிறது, அங்கே டாக்சோரூபிசின் தன் மின்னேற்றத்தை இழந்து நிலைகுலையும். ஆர்என்ஏ போன்ற பெரிய, எதிர்மின்னேற்ற மூலக்கூறுக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது.

எனவே முதலில் போர்வை எதுவும் இல்லாமல் 800 டிகிரி ஆக்சைடில் மருந்தை ஏற்றுங்கள். ஏற்றும்போது பாஸ்பேட் பஃபரைத் தவிருங்கள். அதன் உப்புகள் மேற்பரப்பின் மின்னேற்றத்தை மறைத்து ஏற்றத்தைக் குறைக்கும். பிஎச் 6-க்கு அருகான உப்பில்லா நீர் போதுமானது. அளவி சொன்ன ஓட்ட முறையில் மருந்தும் சிலிக்கானும் வெளிவரும் வளைவுகளை ஒரே வரைபடத்தில் இடுங்கள். மருந்து முன்னால் ஓடினால் அது வெறுமனே பரப்பிலிருந்து கழன்று வருகிறது, அப்போது மேற்பரப்பு வேதியியல் கைகொடுக்கும். இரண்டும் இணைந்து ஓடினால் கரைதலே கட்டுப்படுத்துகிறது. அதற்குத் துளைமையையும் துகள் அளவையும் மாற்றுவது சிலேனைவிட மலிவான வழி.

அளவி

அந்த வரைபடத்தில் சாட்சிக் குழாயின் வளைவையும் சேர்த்துவிடுங்கள். வெளிவந்த மருந்து சேகரிப்புக் குழாயில் காத்திருக்கும் நேரத்திலும் சிதைந்துகொண்டிருக்கும் என்பதால், எடுத்த மாதிரிகளை உடனே சிறிது அமிலமாக்கிக் குளிரில், இருட்டில் வைத்தால்தான் பரப்புவேதியர் சொன்ன ஒப்பீடு செல்லும்.